ஒரே மணல், மூன்று விடைகள்: அணு அளவீடுகளில் இணைபுள்ள தரவுகளைச் சேர்ப்பதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பேருவளைக் கடற்கரையின் மணலில் மொனசைட் கலந்திருக்கிறது, மொனசைட்டில் தோரியம் இருக்கிறது. அந்த மணலில் ஒரு பை எடுத்துவந்து உலர்த்தி, சலித்து, டிடெக்டரைச் சூழ்ந்து உட்காரும் மரினெல்லிப் பாத்திரத்தில் அடைத்து, கொழும்பில் காமாக் கதிர்களை எண்ணும் ஒரு ஜெர்மானியம் டிடெக்டரின் மேல் வைத்தால், கிலோவுக்கு எத்தனை பெக்கரல், அதாவது வினாடிக்கு எத்தனை அணுக்கருச் சிதைவு, என்ற ஒரே கேள்விக்கு மூன்று விடைகள் கிடைக்கும். ஈயம்-212 தரும் 238.6 கிலோ எலக்ட்ரான்வோல்ட் கோடு, அதாவது நிறமாலையில் அந்தச் சக்தியுள்ள காமாக் கதிர்களின் உச்சி, ஒன்றைச் சொல்லும். தாலியம்-208 இன் 583.2 கோடு இன்னொன்றைச் சொல்லும். அக்டினியம்-228 இன் 911.2 கோடு வேறொன்றைச் சொல்லும். மூன்றும் தோரியம்-232 ஒன்றன்பின் ஒன்றாகச் சிதையும் சங்கிலியில் வருபவை. சங்கிலி சமநிலையில், அதாவது அதன் உறுப்பினர்கள் ஒரே வீதத்தில் சிதையும் நிலையில், இருந்தால் மூன்றும் ஒரே எண்ணைத்தான் தரவேண்டும்.

மூன்றையும் எப்படி ஒன்றாக்குவது? கூட்டி மூன்றால் பிரிப்பது ஒரு வழி. நிச்சயமின்மை குறைந்ததற்கு அதிக நிறை கொடுத்துச் சராசரி எடுப்பது இன்னொரு வழி. இரண்டுமே மூன்று அளவீடுகளும் ஒன்றையொன்று சாராதவை என்று எடுத்துக்கொள்கின்றன. ஆனால் மூன்றும் ஒரே டிடெக்டரில், தொழிற்பாடு சான்றிதழில் குறித்த ஒரே நியம மூலத்தால் அளவுதிருத்தம் செய்த வினைத்திறன் வளைகோட்டை (எந்தச் சக்தியில் டிடெக்டர் எவ்வளவு பிடிக்கும் என்பதை) வைத்து, ஒரே பாத்திரத்திலிருந்த ஒரே மணலில் எடுத்தவை. புறக்கோட்டையில் மூன்று கடைக்காரர்கள் ஒரே பிழையான படிக்கல்லை மாறிமாறி வாங்கி நிறுத்தால், மூவரும் ஒரே நிறையைச் சொல்வார்கள். அந்த ஒற்றுமை படிக்கல் சரி என்பதற்குச் சான்றாகாது. இப்படி ஒரே காரணத்தால் ஒன்றாகப் பிழைப்பதைத்தான் இணைபு என்கிறோம்.

கொழும்புப் பல்கலைக்கழகத்தின் அணுவிஞ்ஞானத் துறையில் செயற்றிட்டம் செய்பவர்கள், ஒருகொடவத்தையில் உள்ள இலங்கை அணுசக்திச் சபையின் ஆய்வுகூடத்தில் பயிற்சிக்கு நிற்பவர்கள், அல்லது காமா நிறமாலை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வதென்று யோசிப்பவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். உயர்தரத்தில் படித்த இடை, நியம விலகல், மாறற்றிறன் நினைவிருந்தால் போதும். தாயம், அதாவது மேட்ரிக்ஸ், பெருக்கத் தெரிந்திருந்தால் இன்னும் நல்லது. கணக்கை எக்செல்லே செய்துவிடும்.

கீழே வரும் பெக்கரல் எண்களும் சதவீதங்களும் கணக்கைக் காட்டுவதற்காக நானே வைத்தவை. எந்தக் கடற்கரையின் உண்மை அளவீடும் அல்ல.

படி 1: எண்ணின் பூர்வீகத்தை எழுதுங்கள்

"சொஃப்ட்வெயாரே நிச்சயமின்மையைத் தருதுதானே அக்கா, பிறகு எதுக்கு நாங்கள் எழுதோணும்?" என்று ஆய்வுகூடத்தில் பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சொஃப்ட்வெயார் ஒவ்வொரு கோட்டுக்கும் மொத்த நிச்சயமின்மை ஒன்றைத் தருகிறது. அதற்குள் எந்தப் பகுதி மற்றக் கோட்டோடு பொதுவானது என்பதைப் பெரும்பாலும் தருவதில்லை. சேர்ப்பதற்குத் தேவையான தகவல் அதுதான்.

ஒரு கோட்டிலிருந்து கதிர்த்தொழிற்பாடு எப்படி வருகிறது என்று பாருங்கள். உச்சியின் தேறிய எண்ணிக்கையை வினைத்திறன், உமிழ்வு நிகழ்தகவு (ஒரு சிதைவில் அந்தக் காமா வெளிவரும் வாய்ப்பு), எண்ணிய நேரம், மணலின் திணிவு ஆகியவற்றால் வகுக்கிறோம். பிறகு தன் உறிஞ்சல் (மணலே காமாக்களை விழுங்குவது), உடனிகழ்வுக் கூட்டல் (ஒரே சிதைவின் இரண்டு காமாக்கள் ஒன்றாக எண்ணப்படுவது) போன்ற திருத்தங்களைப் போடுகிறோம். ஒவ்வொரு காரணிக்கும் இரண்டு கேள்விகள் கேட்கவேண்டும். இது எத்தனை சதவீதம் பிழைக்கலாம்? பிழைத்தால் வேறு எந்தக் கோடுகளும் அதோடு சேர்ந்து பிழைக்கும்?

எண்ணிக்கையின் புள்ளியியல் ஒவ்வொரு கோட்டுக்கும் தனி. 583 இல் கூடுதலாக ஒரு எண்ணிக்கை விழுந்ததால் 911 இல் எதுவும் மாறாது. உமிழ்வு நிகழ்தகவும் மூன்று வேறு அணுக்கருக்களுக்கு ஏறக்குறையத் தனிதான். ஆனால் தாலியம்-208 இன் 2614 கோட்டையும் நான்காவதாகச் சேர்த்தால் நிலைமை மாறும். பிஸ்மத்-212 இல் 35.9 சதவீதம்தான் தாலியம்-208 ஆகச் சிதைகிறது. அந்தக் கிளை விகிதத்தின் பிழை 583 க்கும் 2614 க்கும் பொதுவானது.

நியம மூலத்தின் சான்றிதழ் எல்லாக் கோடுகளுக்கும் பொது. அங்கே ஒரு பொறி இருக்கிறது. சான்றிதழில் உள்ள நிச்சயமின்மை பெரும்பாலும் விரிவாக்கக் காரணி 2 உடன், அதாவது ஏறக்குறைய 95 சதவீத நம்பிக்கை மட்டத்தில், கொடுக்கப்பட்டிருக்கும். 6 சதவீதம் என்று போட்டிருந்தால் நீங்கள் எடுக்கவேண்டியது 3. சான்றிதழின் அடிக்குறிப்பை வாசிக்காமல் எண்ணை மட்டும் எடுத்தால், கணக்கின் மிகப் பெரிய உறுப்பு இரட்டிப்பாகிவிடும்.

தன் உறிஞ்சலும் பொது, ஆனால் சம அளவில் அல்ல. மொனசைட், இல்மனைட் கலந்த மணல் அடர்த்தியானது. குறைந்த சக்திக் காமாக்களை அது கூடுதலாக விழுங்கும். நியம மூலம் நீர் போன்ற ஊடகத்தில் இருந்தால் 238.6 கோட்டுக்குத் திருத்தம் பெரிதாகும், 911 க்குச் சிறிதாகும். திருத்தத்தைக் கணித்தபோது அடர்த்தியிலோ கலவையிலோ பிழை விட்டிருந்தால் மூன்று கோடுகளும் ஒரே பக்கம் நகரும், ஆனால் வெவ்வேறு தூரம்.

திணிவும் பொதுதான். நல்ல தராசில் அது அற்பமாக இருக்கும். கொழும்பின் ஈரப்பதத்தில் உலர்த்திய மணலைத் திறந்து வைத்தால்தான் கவலை. மூடி போட்டு நிறுத்தால் இந்த உறுப்பை மறந்துவிடலாம்.

சரி, எங்கள் எடுத்துக்காட்டுக்கான நிச்சயமின்மை வரவுசெலவு இது. எல்லாம் நியம நிச்சயமின்மை, சதவீதத்தில், வரிசை 238.6, 583.2, 911.2.

எண்ணிக்கையும் உமிழ்வு நிகழ்தகவும் சேர்ந்து, தனி: 1.0, 1.5, 2.0
நியம மூலத்தின் சான்றிதழ், பொது: 3.0, 3.0, 3.0
தன் உறிஞ்சல், பொது: 2.0, 1.0, 0.5

மூன்று விடைகள்: கிலோவுக்கு 392, 410, 414 பெக்கரல்.

வினைத்திறன் வளைகோட்டைப் பொருத்தும்போது வரும் பிழையை இங்கே வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். உங்கள் வேலையில் அதை விடக்கூடாது. வளைகோட்டின் குணகங்களுக்கு ஒரு கோவேரியன்ஸ் தாயம், அதாவது எவை எவ்வளவு சேர்ந்து பிழைக்கும் என்பதன் அட்டவணை, பொருத்தலிலிருந்தே கிடைக்கும். ஒவ்வொரு குணகமும் சற்று மாறினால் ஒவ்வொரு சக்தியிலும் வினைத்திறன் எவ்வளவு மாறும் என்பதை உணர்திறன் தாயமாக எழுதி, அதன் இரு பக்கமும் பெருக்கினால், சக்திகளுக்கிடையிலான இணைபு வந்துவிடும். அருகருகே உள்ள சக்திகள் இறுக்கமாகப் பிணைந்திருக்கும், தூரத்தில் உள்ளவை தளர்வாக இருக்கும். உங்கள் சொஃப்ட்வெயார் குணகங்களின் தாயத்தைத் தரவில்லையென்றால், அளவுதிருத்தப் புள்ளிகளை எடுத்து நீங்களே ஒருமுறை பைத்தனில் பொருத்துங்கள். ஒரு மதிய வேலைதான்.

படி 2: தாயத்தைக் கட்டுங்கள்

இணைபுக் குணகத்தை யாரும் ஊகிக்கத் தேவையில்லை. "0.5 என்று வைப்போம்" என்று எழுதிய அறிக்கையைக் கண்டால் எனக்குக் கவலையாக இருக்கும். படி 1 ஒழுங்காக நடந்திருந்தால் இணைபு தானாக வந்து நிற்கும்.

விதி எளிது. மூலைவிட்டத்தில் ஒரு கோட்டின் எல்லா உறுப்புகளின் வர்க்கங்களையும் கூட்டுங்கள். மூலைவிட்டத்துக்கு வெளியே, இரண்டு கோடுகளுக்கும் பொதுவான உறுப்புகளை மட்டும் சோடியாகப் பெருக்கிக் கூட்டுங்கள். 238.6 க்கு 1 + 9 + 4 = 14. 238.6 க்கும் 583.2 க்கும் இடையே 3×3 + 2×1 = 11. இப்படியே போனால்:

14 | 11 | 10
11 | 12.25 | 9.5
10 | 9.5 | 13.25

அலகு சதவீதத்தின் வர்க்கம். முதல் இரண்டு கோடுகளின் இணைபுக் குணகம், 11 ஐ 14 × 12.25 இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 0.84. மற்றவை 0.73, 0.75. தனித்தனி அளவீடு என்று நினைத்தவை இவ்வளவு நெருங்கியிருக்கின்றன.

பெரிய தாயங்களில் இன்னொரு சோதனை தேவை: எல்லா ஐகன் பெறுமானங்களும், அதாவது தாயத்தின் சிறப்பியல்பு எண்களும், பூச்சியத்தைவிடப் பெரிதாக இருக்கவேண்டும். பிறருடைய அட்டவணையிலிருந்து இரண்டு தசமத்துக்கு மட்டந்தட்டிய இணைபுகளை எடுத்தால் சில வேளைகளில் ஒன்று மறையாகிவிடும். அப்போது நேர்மாறு எடுத்துப் பயனில்லை. உறுப்புகளிலிருந்து திரும்பக் கட்டுவதே சரியான மருந்து. மேலே சொன்ன முறையில் கட்டிய தாயம், ஒவ்வொரு கோட்டுக்கும் தனி உறுப்பு ஒன்று இருக்கும்வரை, இந்தச் சிக்கலில் மாட்டாது.

படி 3: நிறைகளைக் கண்டுபிடியுங்கள்

இணைபுள்ள தரவுகளுக்கான பொதுமைப்படுத்திய இழிவு வர்க்க முறையை எடின்பரோவில் பணியாற்றிய நியூசிலாந்துக் கணிதவியலாளர் அலெக்சாண்டர் எய்ட்கன் 1935 இல் ஒழுங்காக எழுதிவைத்தார். எங்கள் தேவைக்கு அது இப்படிச் சுருங்கும். தாயத்தின் நேர்மாறை எடுங்கள். ஒவ்வொரு நிரையையும் கூட்டுங்கள். வரும் மூன்று எண்களை அவற்றின் மொத்தத்தால் வகுத்தால் நிறைகள் கிடைக்கும். அந்த மொத்தத்தின் தலைகீழ்தான் சேர்த்த விடையின் மாறற்றிறன்.

நிரைக் கூட்டல்கள் 0.0122, 0.0434, 0.0351. மொத்தம் 0.0908. ஆகவே நிறைகள் 0.135, 0.478, 0.387. சேர்த்த விடை 409. மாறற்றிறன் 11.02, நிச்சயமின்மை 3.3 சதவீதம், அதாவது 14 பெக்கரல்.

409 ± 14. இதை மற்ற வழிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தனிப் பிழையை மட்டும் வைத்து நிறை கொடுத்தால் 400 ± 3 வரும். மொத்தப் பிழைகளை எடுத்து இணைபை மறந்தால் 406 ± 8.5 வரும். ஒரே தரவிலிருந்து மூன்று விடைகள். நடுப்பெறுமானங்கள் அதிகம் விலகவில்லை, ஆனால் நிச்சயமின்மை 3 இலிருந்து 14 வரை போகிறது. ஒரு வரம்பைத் தாண்டியதா இல்லையா என்று தீர்மானிக்கும்போது இந்த வித்தியாசம்தான் எல்லாமே.

நிறைகளையும் கவனியுங்கள். தனிப் பிழையை மட்டும் பார்த்தால் 238.6 கோடுதான் மிகச் சிறந்தது. அந்தக் கணக்கில் அதன் நிறை 0.59. முழுத் தாயத்தில் அது 0.135 ஆகிவிட்டது. உச்சி எவ்வளவு அழகாக உயர்ந்து நின்றாலும், தன் உறிஞ்சலுக்கு அதிகம் ஆட்படுகிற கோடு என்பதைத் தாயம் அறிந்திருக்கிறது.

இந்த 3.3 சதவீதம் எங்கிருந்து வருகிறது என்று உடைத்துப் பாருங்கள். சான்றிதழ் 3.0, தன் உறிஞ்சல் 0.94, தனி உறுப்புகள் 1.06. வர்க்கித்துக் கூட்டினால் 11.02 திரும்ப வரும். இன்னும் ஒரு நாள் எண்ணினாலும், நான்காவது கோட்டைச் சேர்த்தாலும் அந்த 3.0 அசையாது. அதைக் குறைக்க வேண்டுமென்றால் நல்ல நியம மூலம் வாங்கவேண்டும். பணமும் நேரமும் எங்கே போகவேண்டும் என்பதை இந்த உடைப்பு சொல்கிறது. அதனால் இதை எப்போதும் செய்யச் சொல்வேன்.

படி 4: தரவுகள் ஒத்துப்போகின்றனவா என்று கேளுங்கள்

எனக்கு இந்த முழு வேலையிலும் முக்கியமாகப் படுவது இதுதான். பலர் தவறவிடுவதும் இதைத்தான்.

விலகல்கள் எதிர்பார்த்ததைவிடப் பெரிதா என்று அளக்கும் கை-வர்க்கப் பெறுமானத்தை இணைபுடன் கணக்கிடவேண்டும். ஒவ்வொரு விடையும் 409 இலிருந்து எத்தனை சதவீதம் விலகுகிறது என்று எழுதுங்கள்: −4.2, +0.2, +1.2. இந்த நிரலைத் தாயத்தின் நேர்மாறின் இரு பக்கமும் பெருக்கினால் 5.9 வருகிறது. மூன்று தரவுகள், ஒரு கணியம், ஆகவே சுயாதீனப் படி 2. சுயாதீனப் படி 2 ஆக இருக்கும்போது, இவ்வளவு பெரிய விலகல் தற்செயலாக வரும் நிகழ்தகவைக் கண்டுபிடிப்பது சுலபம்: கை-வர்க்கத்தின் பாதியை மறைக் குறியோடு அடுக்குக்குறிச் சார்பில் போட்டால் போதும். 0.05 வருகிறது. எல்லைக்கோட்டில் நிற்கும் எண், யோசிக்கவைக்கும் எண்.

இணைபை மறந்த கணக்கில் இதே கை-வர்க்கம் 1.2 தான், நிகழ்தகவு 0.54. "எல்லாம் அருமையாக ஒத்துப்போகிறது" என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போகத் தோன்றும்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? சான்றிதழின் 3 சதவீதம் மூன்று கோடுகளையும் ஒன்றாகத் தூக்கும், ஒன்றாக இறக்கும். கோடுகளுக்கிடையே உள்ள இடைவெளியை அதனால் விளக்கவே முடியாது. இணைபை மறந்தால் அந்த 3 சதவீதம் இடைவெளிக்கும் சாக்காகிவிடுகிறது, உண்மையான முரண்பாடு மறைந்துபோகிறது. பொதுவான பிழை சிதறலில் தடம் விடாது என்பதன் மறுபக்கம் இது: சிதறல் சிறிதாக இருப்பதைக் காட்டி, பொதுவான பிழையும் சிறிது என்று யாரும் வாதிட முடியாது.

படி 5: ஒத்துப்போகாவிட்டால்

முதலில் பௌதிகம், பிறகு புள்ளியியல். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

எங்கள் எடுத்துக்காட்டில் 238.6 கோடு 4 சதவீதம் கீழே நிற்கிறது. சங்கிலியில் ரேடான்-220, அதாவது தோரான், ஒரு வாயு. அது மணலிலிருந்து கசிந்து போயிருந்தால் அதற்குப் பின்னால் வரும் ஈயம்-212 உம் தாலியம்-208 உம் இரண்டுமே குறைந்திருக்கும். தோரானுக்கு முன்னால் வரும் அக்டினியம்-228 மட்டும் மேலே நிற்கும். ஆனால் தாலியம் கோடு 410 இல் அக்டினியத்தின் பக்கத்திலேயே இருக்கிறது. தோரானின் அரைவாழ்வும் ஒரு நிமிடத்துக்குள்தான் என்பதால் மூடிய பாத்திரத்திலிருந்து அது தப்புவது கடினம். ஆகவே சந்தேகம் தன் உறிஞ்சல் திருத்தத்தின் மேல் திரும்புகிறது: அடர்த்தியான மணலுக்குத் திருத்தம் போதாமல் போனால் குறைந்த சக்திக் கோடுதான் முதலில் விழும். 583 கோட்டில் 2614 உடனான உடனிகழ்வுக் கூட்டலைத் திருத்தியிருக்கிறீர்களா என்றும் பார்த்துவிடுங்கள், முக்கியமாக மாதிரி டிடெக்டருக்கு ஒட்டி இருந்தால். உடனிகழ்வுக்குத் திருத்தாவிட்டால் 583 தன் உண்மையை விடக் குறைவாகக் காட்டும்.

காரணம் அகப்பட்டால் திருத்தி, படி 1 இலிருந்து திரும்பச் செய்யுங்கள். அகப்படாவிட்டால் இரண்டு நேர்மையான வழிகள் உண்டு.

ஒன்று, 238.6 ஐ விட்டுவிட்டு, விட்டதற்கான காரணத்தை எழுதுவது. மற்ற இரண்டையும் சேர்த்தால் 412 ± 14 வரும். அந்தக் கோட்டின் நிறை ஏற்கெனவே குறைவாக இருந்ததால் விடை பெரிதாக அசையவில்லை. அசையவில்லை என்பதே ஒரு நல்ல தகவல்.

மற்றது, பர்ஜ் விகிதம். அமெரிக்கப் பௌதிகவியலாளர் ரேமண்ட் பர்ஜ் 1932 இல் முன்வைத்த வழி இது: கை-வர்க்கத்தைச் சுயாதீனப் படியால் வகுத்து வர்க்கமூலம் எடுத்து, அதால் நிச்சயமின்மையைப் பெருக்கு. இங்கே 1.7. ஆனால் அதை மொத்த 3.3 சதவீதத்தின் மேல் போடுவது தவறு. சிதறல் எதைப் பற்றிச் சாட்சி சொல்கிறதோ அதைத்தான் பெருக்கலாம். சான்றிதழ்ப் பகுதியைப் பற்றிச் சிதறலுக்கு எதுவும் தெரியாது. ஆகவே சான்றிதழின் 9 ஐத் தனியே எடுத்துவைத்து, மிச்சமுள்ள 2.02 ஐ 2.95 ஆல் பெருக்கினால் 5.95. 9 ஐத் திரும்பச் சேர்த்தால் 14.95, அதாவது 3.9 சதவீதம். விடை 409 ± 16.

நான் இரண்டாவதையே விரும்புவேன், காரணம் தெளிவாகும்வரை. ஒரு தரவை எறிவதற்கு அது விலகி நிற்கிறது என்பதைவிட வலுவான காரணம் வேண்டும்.

வியன்னாவில் சர்வதேச அணுசக்தி முகவரகம் ஒருங்கிணைக்கும் நியூத்திரன் நியமங்களின் மதிப்பீட்டிலும் இதே சிக்கல் பெரிய அளவில் வருகிறது. யுரேனியம்-235 இன் பிளவுக் குறுக்குவெட்டை, அதாவது நியூத்திரன் பட்டால் அது பிளக்கும் வாய்ப்பின் அளவை, வெவ்வேறு ஆய்வுகூடங்கள் பல பத்தாண்டுகளாக அளந்திருக்கின்றன. பல அளவீடுகள் ஒரே வகை முறையையும் ஒரே நியமங்களையும் பகிர்ந்திருக்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்தால் நம்பமுடியாத அளவு சிறிய நிச்சயமின்மை வரும். அதனால் 2017 இன் நியமங்களில், யாரும் அடையாளம் காணாத மூலங்களுக்கென்று ஒரு பொதுவான உறுப்பை மதிப்பீட்டாளர்கள் வெளிப்படையாகவே சேர்த்தார்கள்.

படி 6: பீல் புதிரில் விழாதிருங்கள்

ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுகூடத்தின் ராபர்ட் பீல் 1987 இல் எழுப்பிய ஒரு சின்னக் கணக்கு, அணுத்தரவு உலகத்தை நெடுங்காலம் தூங்கவிடவில்லை. ஒரே கணியத்துக்கு இரண்டு அளவீடுகள்: 1.5 உம் 1.0 உம். ஒவ்வொன்றுக்கும் 10 சதவீதத் தனிப்பிழை, இரண்டுக்கும் பொதுவாக 20 சதவீதப் பிழை. சேர்த்தால் என்ன?

சூத்திரத்தில் போட்டால் 0.88 ± 0.22. இரண்டு அளவீடுகளுக்கும் கீழே!

நீங்களே சரிபாருங்கள். 1.5 இன் மாறற்றிறன் 0.0225 + 0.09 = 0.1125. 1.0 இன் மாறற்றிறன் 0.01 + 0.04 = 0.05. கோவேரியன்ஸ் 0.3 × 0.2 = 0.06. முதலாவதின் நிறை −0.235, இரண்டாவதின் நிறை 1.235. கணக்கில் தவறில்லை. தாயத்தில்தான் தவறு.

20 சதவீதம் என்பதை 1.5 க்கு 0.3 என்றும் 1.0 க்கு 0.2 என்றும் எழுதினோம். அதாவது பொதுவான பெருக்குக் காரணியைக் குறைத்தால் இரண்டு எண்களும் குறையும், அவற்றுக்கிடையே உள்ள இடைவெளியும் சேர்ந்து சுருங்கும். சூத்திரத்துக்கு இடைவெளி பிடிக்காது. அதனால் காரணியைக் கீழே இழுத்து, இரண்டையும் சுருக்கி, முரண்பாட்டைக் குறைத்துக்கொள்கிறது. உண்மையில் பொதுவான காரணிக்கும் அந்த இடைவெளிக்கும் சம்பந்தமே இல்லை.

மருந்து: சதவீதப் பிழைகளை ஒவ்வொரு அளவீட்டின் மேலும் போடாமல், சேர்த்த மதிப்பின் மேல் போடுங்கள். அணுத்தரவு ஆய்வாளர்களான சிபாவும் சிமித்தும் 1991 இல் பரிந்துரைத்த வழி இதுதான். சேர்த்த மதிப்பு முதலில் தெரியாது என்பதால் சாதாரண சராசரியில் தொடங்கி, தாயத்தைக் கட்டி, புதிய மதிப்பை எடுத்து, மறுபடி கட்டுங்கள். இரண்டு மூன்று சுற்றில் நின்றுவிடும். பீலின் எண்களுக்கு 1.25 ± 0.27 வரும், பார்த்தவுடன் நம்பக்கூடிய விடை. மடக்கை எடுத்து வேலை செய்தாலும் பெருக்குப் பிழைகளுக்கு இதே நியாயம் கிடைக்கும், அப்போது 1.22 வரும்.

எங்கள் மணல் கணக்கைத் தொடக்கத்திலிருந்தே சதவீதத்தில் வைத்தது இதற்காகத்தான். மூன்று கோடுகளும் ஒரே மெய்ப்பெறுமானத்தின் சதவீதமாகத் தாயத்துக்குள் போயின.

மறை நிறை எல்லாமே பிழையென்று முடிவெடுத்துவிட வேண்டாம். கோவேரியன்ஸ் சிறிய மாறற்றிறனைத் தாண்டினால் மறை நிறை வரும். ஒரு பொதுவான பின்னணிக்கு ஓர் அளவீடு மற்றதைவிடக் கூடுதலாக ஆட்படுகிறது என்று உண்மையாகவே தெரிந்தால், அந்த அளவீடு பின்னணியைக் கண்காணிக்கும் வேலையைச் செய்கிறது, அதன் மறை நிறைக்கும் பொருள் உண்டு. மறை நிறையைக் கண்டதும் செய்யவேண்டியது ஒன்றுதான்: இந்தப் பொதுவான பிழை கூட்டலா பெருக்கலா என்று தாயத்தின் ஒவ்வொரு உறுப்பையும் திரும்பக் கேட்பது. பின்னணி கழித்தல் கூட்டல் வகை, வினைத்திறன் பெருக்கல் வகை. இரண்டையும் ஒரே மாதிரி நடத்தக்கூடாது.

படி 7: மொண்டே கார்லோவில் சரிபாருங்கள்

அளவீட்டு நிச்சயமின்மைக்கான சர்வதேச வழிகாட்டிக்கு 2008 இல் வந்த மொண்டே கார்லோ இணைப்பு, பிழைகளை எழுமாற்று எண்களால் திரும்பத் திரும்ப நடித்துப் பார்க்கும் இந்த வழியை முறைப்படுத்தியது. தாயத்தை நம்ப மனம் வராதவர்களுக்கும் இது நல்ல சோதனை. ஒவ்வொரு சுற்றிலும் சான்றிதழுக்கு ஒரே ஒரு எழுமாற்று எண், தன் உறிஞ்சலுக்கு ஒரே ஒரு எண், தனிப்பிழைகளுக்கு மூன்று வெவ்வேறு எண்கள். மூன்று கோடுகளையும் இவற்றால் நகர்த்தி, நிறைகளோடு சேர்த்து, விடையைக் குறித்துவையுங்கள். ஒரு இலட்சம் சுற்று ஓடவிட்டால் விடைகளின் நியம விலகல் 3.3 சதவீதத்தில் வந்து நிற்கும். எங்குமே கோவேரியன்ஸ் என்று எழுதாமல் இணைபு உள்ளே வந்துவிட்டதைக் கவனியுங்கள்: ஒரே எண்ணை மூன்று இடத்தில் பயன்படுத்தியதுதான் இணைபு. நிகழ்தகவுப் பரம்பல் சமச்சீரற்றதாக இருந்தாலோ, பிழை 20, 30 சதவீதம் என்று பெரிதாக இருந்தாலோ, சூத்திரத்தைவிட இந்த வழியைத்தான் நம்பவேண்டும்.

எக்செல்லில் தாயக் கணக்குக்கு எம்இன்வர்ஸ் (MINVERSE), எம்மல்ட் (MMULT) என்ற இரண்டு சார்புகள் போதும். பைத்தனில் நம்பை (NumPy) நூலகம். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

பல மாதிரிகள், இரு கடற்கரைகள்

இதே அறிவு மாதிரிகளுக்கிடையிலும் பயன்படும். பேருவளையில் 20 இடத்தில் மணல் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் 2 சதவீதத் தனிப்பிழையும் 3 சதவீதப் பொதுப்பிழையும் என்று வைப்போம். அளவீட்டு நிச்சயமின்மையை மட்டும் பார்த்தால், சராசரியின் நிச்சயமின்மை இணைபை மறந்தால் 0.8 சதவீதம். சரியாகச் செய்தால் 3.0 சதவீதம். இருபது மாதிரியும் ஒரே சான்றிதழில் தொங்குகின்றன.

விகிதம் எடுக்கும்போது இணைபு நண்பனாகிவிடும். பேருவளையையும் புல்மோட்டையையும் ஒரே டிடெக்டரில், ஒரே பாத்திர வடிவில், ஒரே கோட்டை வைத்து ஒப்பிட்டால் சான்றிதழின் 3 சதவீதம் மேலும் கீழும் வெட்டுப்பட்டுப் போகும். எது எத்தனை மடங்கு என்ற கேள்விக்கு, எது எத்தனை பெக்கரல் என்ற கேள்வியைவிடத் துல்லியமான விடை கிடைக்கும். தன் உறிஞ்சல் மட்டும் முழுதாக வெட்டுப்படாது, ஏனென்றால் இரண்டு மணல்களின் அடர்த்தியும் கலவையும் ஒன்றல்ல. ஒரே வெற்றுப் பாத்திர நிறமாலையை எல்லா மாதிரியிலிருந்தும் கழித்திருந்தால் அங்கேயும் ஒரு பொதுவான கூட்டல் பிழை ஒளிந்திருக்கிறது. தொழிற்பாடு குறைந்த மாதிரிகளில் அது பெரிதாகத் தெரியும், பால்மாவில் சீசியம்-137 தேடும்போது மிக முக்கியமாக.

அறிக்கையில் எழுதுவது

"409 ± 16" என்று மட்டும் எழுதினால், நாளை உங்கள் எண்ணை இன்னொருவருடைய எண்ணோடு சேர்க்க நினைப்பவர் திரும்ப ஊகிக்கத் தொடங்கவேண்டும். அவரும் அதே நியம மூலத்தைப் பயன்படுத்தியிருந்தால் உங்கள் இருவரின் விடைகளும் பிணைந்திருக்கும், அது அவருக்குத் தெரியாது. இப்படி எழுதுங்கள்: கிலோவுக்கு 409 பெக்கரல், நியம மூலச் சான்றிதழால் வரும் பகுதி 12, மற்றப் பகுதி 10, மொத்தம் 16, விரிவாக்கக் காரணி 1. அதன் கீழே மூன்று கோடுகளின் தனி விடைகள், படி 1 இன் வரவுசெலவு அட்டவணை, 3×3 தாயம், கை-வர்க்கம் 5.9, சுயாதீனப் படி 2, அதற்காகச் செய்த விரிவாக்கம். எந்த மூலம், எந்தச் சான்றிதழ், எந்தத் தேதி, உமிழ்வு நிகழ்தகவுகளை எந்தத் தரவுத்தொகுப்பிலிருந்து எடுத்தீர்கள் என்பதும் வேண்டும். அணுவினை அளவீடுகளுக்கான சர்வதேச எக்ஸ்ஃபோர் தரவுத்தளத்தில் அவற்றைத் தொகுப்பவர்களும் மொத்தப் பிழையோடு நிற்காமல் பகுதிப் பிழைகளைக் கேட்பது இதனால்தான். தாயத்தில் மட்டந்தட்டாத எண்களை வையுங்கள். விடையை மட்டும் இரண்டு அல்லது மூன்று பொருளுடை இலக்கத்துக்கு மட்டந்தட்டுங்கள்.